அளிக்கவா, அழிக்கவா?

பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் ழகரத்தைத் தேடாதீர்கள். அது அங்கே சொந்த வீடு கட்டியதில்லை, வாடகைக்குக்கூட வந்ததில்லை. வாளப்பளம், மளை, கிளவி என்று பொழுது விடிந்து பொழுது போகிற வரை அமோகமாகப் பேசுகிறார்கள். யாருக்கு என்ன குறைந்துவிட்டது? மழை பெய்யாமலா போய்விட்டது? காந்தாவுக்கும் முப்பது வயது வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகுதான் அந்த ஒற்றை எழுத்து அவளைப் பிடித்து ஆட்டிவைத்தது.

காந்தாவின் அப்பா பச்சைமுத்து எம்.ஜி. ரோட்டில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் ஓட்டினார். அம்மா சின்னத்தாயி நர்சிங் ஹோமில் ஆயா. மகள் படித்தது அல்சூரில் கன்னட மீடியம். வீட்டில் தமிழ், வகுப்பில் கன்னடம், கறிக்கடையில் உருது என்று மூன்றும் அவள் வாயில் சண்டை போடாமல் இருந்தன. ஆனால் தமிழ் எழுத்தை எந்த டீச்சரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. சினிமா போஸ்டரும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையும்தான் கற்றுத்தந்தன. காதில் எப்படி விழுந்ததோ அப்படியே கையிலும் வந்தது. அவளும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, அவள் தெருவில் யாருமே நினைக்கவில்லை.

தொண்ணூறுகளில் சிவாஜிநகர் டிடிபி கடை ஒன்றில் டைப் அடித்தாள். பிறகு இந்திராநகரில் ஒரு சின்னக் கம்பெனியில் டேட்டா என்ட்ரி. அங்கேதான் அவளுக்கு ஒரு கோபம் பிறந்தது. கம்ப்யூட்டரோடு தடியாக ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். "வலது மூலையில் உள்ள பச்சைப் பட்டனை அழுத்தவும்" என்றது கையேடு. வலது மூலையில் பட்டனே இல்லை. இடது மூலையில் இருந்தது, அதுவும் நீலமாக. ப்ரோகிராம் மாறிவிட்டது, புத்தகத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. காந்தா இல்லாத பட்டனை அரை நாள் தேடிவிட்டு, சூபர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"எளுதுனவன் கையில கெடைச்சான்னா இருக்கு அவனுக்கு" என்று வீட்டில் வந்து குதித்தாள்.

"எளுதுனவன் எப்பவோ எளுதிட்டுப் போயிட்டிருப்பான். நீ சாப்பிடு" என்றாள் சின்னத்தாயி.

அந்தக் கோபம்தான் காந்தாவை ஏணியில் ஏற்றியது.

ஏணி என்பது நூலகங்களுக்கான ஒரு ப்ரோகிராம். யார் புத்தகம் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தர வேண்டும், யாரெல்லாம் உறுப்பினர் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கடையில் விற்பதில்லை, சிடியில் சும்மாவே கொடுப்பார்கள். அது மட்டுமில்லை, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஒரு கூட்டம் அதைச் செய்துகொண்டிருந்தது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்று தேடி, இரண்டிலும் ஒரே உச்சரிப்பு, ஒரே பொருள் என்று 'ஏணி'யைப் பிடித்தார்கள். எல்லாச் சொல்லும் அப்படி அமைந்துவிட்டால் இந்தக் கதையே இல்லை.

கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் உமேஷ். மல்லேஸ்வரத்துப் பையன், பெரிய கம்பெனியில் வேலை. நல்லவன்தான், ஆனால் தமிழில் 'சாப்பிட்டீங்களா'வைத் தாண்டத் தெரியாது. ஏணியின் கன்னடக் கையேட்டை அவன் பார்த்துக்கொண்டான். தமிழுக்கு ஆள் இல்லை என்று நண்பர்கள் மூலம் கேள்விப்பட்டு ஒரு ஞாயிறு காந்தா அங்கே போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள் கன்னடத்தில். "பட்டன் எடம் மாறினா அன்னைக்கே எனக்குச் சொல்லணும். இல்லேன்னா நான் இந்த வேலைக்கே வரல."

உமேஷுக்கு இந்த நிபந்தனை பிடித்துப்போய்விட்டது. அவனிடமும் ஒரு சட்டம் இருந்தது. ப்ரோகிராமுக்கும் கையேட்டுக்கும் பொருந்தவில்லை என்றால், அந்த மொழிக் கையேடு அந்தத் தடவை சிடியில் போகாது. தாட்சண்யமே கிடையாது. காலாவதியான மருந்தைக் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம் என்பான்.

அன்றிலிருந்து காந்தாவுக்கு அதே வேலை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை புதுப் பதிப்பு வரும். பட்டன்கள் இடம் மாறும், பெயர் மாறும், சிலது காணாமல் போகும். காந்தா ஒவ்வொன்றையும் தானே அழுத்திப் பார்த்துத்தான் பக்கத்தைத் திருத்துவாள். கையேட்டின் கடைசியில் 'எழுதியவர்: காந்தா, மர்பி டவுன்' என்று ஒரு வரியும் அவளுடைய மொபைல் நம்பரும் இருக்கும். எத்தனையோ பேருடைய பெயரை டைப் அடித்தவள், தன் பெயரை அச்சு எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பச்சைமுத்து அந்தக் கடைசிப் பக்கத்தை பிரின்ட் எடுக்கச் சொல்லி லிப்டுக்குள் ஒட்டிவைத்தார். ஏறுகிற இறங்குகிற ஆபீசர்கள் எல்லாம் படித்தார்கள், பாவம், அவர்களுக்கு அங்கே வேறு என்ன வேலை.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர் மின்னஞ்சல் எழுதினார். "பழைய பதிவை அளிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாருக்கு அளிப்பது? பரிசாகவா?"

காந்தாவுக்கு முதலில் புரியவே இல்லை. கன்னடத்தில் 'அளிசு' என்றால் துடைத்துப்போடுவது. பத்து வருஷம் கரும்பலகையில் டீச்சர் 'அளிசு, அளிசு' என்று சொல்லித்தானே டஸ்டரை எடுத்தாள்? தமிழிலும் அதே ளகரம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டாள். தமிழில் 'அளி' என்றால் கொடு மட்டும்தான், துடைப்பதற்கு 'அழி' என்று அகராதி சொன்னபோது அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எத்தனை பேர் படித்துச் சிரித்தார்களோ!

மானம் போகிற அவசரத்தில் மனுஷி என்ன செய்வாள்? கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறதே, ஒரு சொல்லைக் கொடுத்தால் கையேடு முழுக்கத் தேடி வேறு சொல்லாக மாற்றிவிடும். 'அளி' இருக்கும் இடத்தில் எல்லாம் 'அழி' போடு என்று ஒரு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆமாம், எல்லாமே முடிந்திருந்தது. துடைக்க வேண்டிய இடங்கள் சரியாகிவிட்டன. ஆனால் 'உறுப்பினர் பெயரை அளிக்கவும்' என்று அவள் சரியாகவே எழுதியிருந்த இடமெல்லாம் 'உறுப்பினர் பெயரை அழிக்கவும்' என்று ஆகிவிட்டது. முதல் பக்கத்தில் 'ஆதரவு அழித்த அனைவருக்கும் நன்றி' என்று வேறு இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை, பாராட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் நன்றியுரையைப் படிப்பதில்லை போலும். அந்தக் கையேடு இணையத்திலும் ஏறிவிட்டது.

புது சிடி வெளியாக ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் ஒரு போன் வந்தது.

"காந்தா அம்மாங்களா? கே.ஜி.எஃப்.லேர்ந்து பேசறேன். சவரிமுத்து. சாம்பியன் ரீஃப்ல படிப்பறை பாத்துக்கறேன். நீங்க எளுதுனபடியே எல்லாத்தையும் அளிச்சிட்டேம்மா."

"நல்லதுங்க ஐயா" என்றாள் காந்தா, தகவல் கொடுத்ததைத்தான் சொல்கிறார் என்று.

"கடைசியா எம் பேரையும் அளிச்சேன். இப்ப உள்ளாறயே உட மாட்டேங்குது. நீ யாருன்னு கேக்குது."

காந்தா அவசரமாகக் கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஆண்டுப் புதுப்பிப்பு என்று தலைப்பு. 'ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும் அழிக்கவும். பிறகு சரி என்பதை அழுத்தவும்.' அட கடவுளே! மனிதர் ஒவ்வொரு பெயராக எடுத்து, அழித்து, சரி சரி என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் தன்னையும் அழித்துக்கொண்டு வெளியே நிற்கிறார்.

"ஏங்க ஐயா, அத்தினி பேரையும் எடுக்கச் சொன்னா ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"போர்டுல எளுதியிருந்தா செய்யறதும்மா எங்க வளக்கம். தங்கம் எடுக்கற குளிக்குள்ள எறங்கற எடத்துல போய் ஏன் எதுக்குன்னு கேப்பாங்களா? அதுவும் மைன்ஸ் மூடுனப்பறம் பாதிப் பேரு பெங்களூரு, ஓசூருன்னு போய்ட்டாங்க. ஊர உட்டுப் போனவங்க பேர எல்லாம் எடுக்கச் சொல்றாங்க போலன்னு நெனச்சேன். மனசு கேக்கல. இருந்தாலும் எடுத்தேன்."

காந்தா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இல்லாத பட்டனைத் தேட வைத்தவனை அவள் எத்தனை திட்டியிருப்பாள்! இப்போது அவனே தேவலாம் போலிருந்தது. அவன் அரை நாளைத்தான் தின்றான், இவள் ஒரு ஊரையே துடைத்திருக்கிறாள்.

அப்போதே உமேஷுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மூடி மறைக்கிற சங்கதி இல்லை அது.

"ஏன்ரீ காந்தா, இது ஹேகாய்த்து?" என்று எப்படி நடந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு, அழித்த பெயர்கள் எங்கும் போயிருக்காது என்றான். அழித்ததெல்லாம் கொஞ்ச காலம் உள்ளேயே கிடக்கும், புதுப் பதிப்பில் அதைத் திரும்ப எடுக்க மீட்பு என்று ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். கன்னடக் கையேட்டில் அதற்கு ஒரு பக்கமே உண்டு. தமிழில்தான் காந்தா இன்னும் எழுதவில்லை.

போன உயிர் திரும்பியது அவளுக்கு. ஆனால் உமேஷ் முடிக்கவில்லை. தமிழ்க் கையேட்டை இந்த நிலையில் சிடியில் போட முடியாது, இணையத்திலிருந்தும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றான். காந்தா கெஞ்சவில்லை, சண்டை போட்டாள். ஒரு தெருவே பேசுகிற தமிழுக்கு ஒரு கையேடு இருக்கக் கூடாதா என்றாள். கடைசியில் அவன் இறங்கிவந்தது இவ்வளவுதான்: அந்தப் பெரியவரே புதுப் பக்கத்தைப் படித்து, அதன்படி செய்து, சரியாக இருக்கிறது என்று அவனிடம் நேராகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் தமிழ் கிடையாது, பிறகு எப்போது சேர்ப்பது என்றும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் கே.ஜி.எஃப். போகிற மாரிக்குப்பம் வண்டி ஏறினாள். புறப்படும்போது சின்னத்தாயி தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். "சம்பளம் குடுக்கறவங்களுக்குக்கூட நீ இப்படி ஓடுனதில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினாள்.

சவரிமுத்துவின் படிப்பறை மாதா கோயிலை ஒட்டி ஒரு தகர ஓட்டு அறை. ஜன்னலுக்கு வெளியே, தங்கம் பிரித்தெடுத்த மண் குவிந்த சயனைடு மேடு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மேஜை, யாரோ தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டர், அதற்கு சர்ச் பீடத்துணி மாதிரி பூவேலை செய்த உறை. அறுபதைத் தாண்டிய மனிதர், சட்டையை இன் பண்ணி, தலைக்கு எண்ணெய் வைத்து, தப்பு செய்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

"உக்காருங்க ஐயா. தப்பு உங்களது இல்ல. நாந்தான் அளிக்கிறதையும் அளிக்கிறதையும் மாத்தி எளுதிட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் அவர்.

"இல்லங்க ஐயா. ஒண்ணு கொடுக்கறது. ஒண்ணு தொடைக்கறது."

"இன்னாம்மா சொல்ற? அளிக்கிறதுன்னா கொடுக்கறதா?" என்று அவர் ஆச்சரியப்பட்டுப் போனார். சர்ச்சில் சாமியார் 'வரமளிக்கும் தாயே' என்று சொல்லும்போதெல்லாம், மாதா எதற்கு வரத்தை அழிக்கிறாள் என்று பல வருஷமாகச் சந்தேகம் இருந்ததாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களே என்று விட்டுவிட்டாராம்.

காந்தா கையோடு கொண்டுவந்த புதுப் பதிப்பை ஏற்றி, உமேஷ் கொடுத்த நிர்வாகிக் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்தாள். மீட்பு பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ழ எது, ள எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். மதுரை ஆசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. பிறகு நாற்காலியை அவரிடம் தள்ளினாள்.

"இப்ப நீங்க படிச்சு, அதுல சொன்னபடி செய்யுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

சவரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "மீட்க வேண்டியவரின் பெயரை அளிக்கவும்." தலையாட்டினார். ஆட்காட்டி விரலை நீட்டினார். விரல் நேராக அழிக்கும் பட்டனுக்குப் போனது.

"ஐயோ, வேணாம்!" என்று காந்தா அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அளிக்கச் சொல்லுதேம்மா?"

அவர் மேல் என்ன தப்பு? எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் வாய்விட்டுப் படிக்கிறார். வாயிலிருந்து வெளியே வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, காதுக்குப் போனதைத்தான் விரல் கேட்கிறது. இவர் மட்டுமா? மர்பி டவுன் முழுக்க அப்படித்தான் படிக்கும். அவளே அப்படித்தான் படிப்பாள். அகராதிப்படி சரியாக எழுதிவிட்டால் கையேடு சரியாகிவிடும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று காந்தாவுக்கு உறைத்தது.

இரண்டு சொல்லையும் தூக்கினாள். கையேடு முழுக்க. இந்தத் தடவை ஒரே தட்டில் மாற்றவில்லை, ஒவ்வோர் இடமாகப் போய், படித்துப் பார்த்து மாற்றினாள். 'பெயரை அளிக்கவும்' இருந்த இடத்தில் 'பெயரை எழுதவும்'. 'அழிக்கவும்' இருந்த இடத்தில் 'நீக்கவும்'. தயிர்சாதத்தை இருவரும் அந்த மேஜையிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். வேலை முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

சவரிமுத்து மறுபடியும் படித்தார். "மீட்க வேண்டியவரின் பெயரை எளுதவும்." எழுதினார். தட்டினார். கிருஷ்ணம்மாள் என்று ஒரு பெயர் பட்டியலில் வந்து உட்கார்ந்தது.

"வந்துட்டாம்மா!" என்று அவர் கத்தியதில் வெளியே மேய்ந்த ஆடு ஒன்று மிரண்டு ஓடியது.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு பெயரும் திரும்பி வரும்போது அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். இவன் இப்போ ஓசூரில் வாட்ச்மேன், இவள் மக கல்யாணத்துக்கு நாங்க போனோம், இவனுக்கு சரித்திர நாவல்னா பைத்தியம். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்தத் தகர அறைக்குள் திரும்பி வந்தார்கள். கடைசியில் தன் பெயரைத் தானே எழுதி, தானே மீட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

காந்தா உமேஷுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, மொபைலை சவரிமுத்துவிடம் கொடுத்தாள். உமேஷுக்குத் தமிழ் வராது, இவருக்குக் கன்னடம் சந்தைக்குக் காணும், அவ்வளவுதான். உமேஷ் பாவம், சுருக்கமாகவும் மரியாதையாகவும் கேட்க நினைத்தான். தமிழ்ப் பக்கத்தை நீக்கிவிடுவதா, வைத்துக்கொள்வதா? அதைக் கன்னடத்தில், "சார், தமிளு புட அளிசோதா, உளிசோதா?" என்று கேட்டிருக்கிறான்.

சவரிமுத்துவுக்கு அளி புரிந்தது. அதான் காலையில்தானே பாடம் ஆகியிருக்கிறது! உளியும் புரிந்தது.

"உளியெல்லாம் இனிமே எதுக்கு சார்? மைன்ஸ்தான் மூடிட்டாங்களே" என்றார் கம்பீரமாக. "அளிங்க! தாராளமா அளிங்க! எல்லாருக்கும் அளிங்க!"

காந்தா ஜன்னல் ஓரமாக நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன அழகாகச் சொல்கிறார்! எல்லாருக்கும் அளிங்க. அளிங்க. அடுத்த நொடி தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பக்கம் இருப்பவன் கன்னடக்காரன். அவனுக்கு அளி என்றால் என்ன?

பாய்ந்து போய் போனைப் பிடுங்கினாள். "உமேஷ், வேணாம், பேடா! அளிச பேடா! அவரு குடுக்கச் சொல்றாரு, கொடி அந்த ஹேளித்தாரே!"

உமேஷ் ஏற்கெனவே கையை மவுஸில் வைத்திருந்தானாம். நடந்தது முழுவதையும் அவள் மூச்சு வாங்க விளக்கினாள், உளி உட்பட. பிறகு போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நிற்கவே இல்லை. சிரித்து ஓய்ந்து, தானும் இன்றைக்கு 'அளிசி'யிருப்பான் என்று கன்னடத்தில் சொன்னான். கவனக்குறைவால் வந்த தப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, தன் விரலும் அதே பட்டன் வரைக்கும் போய் வந்தது ஞானத்தைக் கொடுத்திருந்தது. தமிழ் இருக்கும் என்றான்.

செவ்வாய்க்கிழமை சவரிமுத்து தானே கூப்பிட்டார்.

"இன்னாம்மா, நம்ம பக்கம் வந்துச்சா?"

"வந்துடுச்சுங்க ஐயா. கடைசியில உங்க பேரும் இருக்கு. என் பேருக்குக் கீள. படித்துச் சரிபார்த்தவர் சவரிமுத்து, சாம்பியன் ரீஃப்."

சவரிமுத்து அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எம் பேரா? அத மறுபடியும் யாராச்சும் தவறிப்போய் எடுத்துட முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. சிடியிலயே எரிச்சாச்சு."

"ஐயையோ!" என்று அலறினார் சவரிமுத்து. "எரிச்சிட்டீங்களா?"

காந்தா தலையில் அடித்துக்கொண்டாள். கையேட்டிலும் அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள், 'பட்டியலை சிடியில் எரிக்கவும்' என்று, 'பர்ன்' என்கிற ஆங்கிலத்தை அப்படியே பார்த்து. யார் எங்கே தீப்பெட்டியோடு நிற்கிறார்களோ!

"எரிக்கலங்க ஐயா, எரிக்கல. அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது. சிடிமேல ஆளமா பதிஞ்சிருக்கும், தொடைச்சாலும் போவாது."

"அப்ப பதிஞ்சிருக்குன்னு எளுதும்மா" என்றார் அவர். "எம் பேரு பதிஞ்சிருக்கு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காந்தா அப்போதே கையேட்டைத் திறந்து அந்தச் சொல்லை மாற்றினாள்.